லேபர் கோர்ட் உத்தரவை மீறினால் அது நீதிமன்ற அவமதிப்பா?

"லேபர் கோர்ட்ல ஜெயிச்சாச்சு அண்ணாச்சி. முதலாளி கேட்டுக்குள்ள விட மாட்டேங்கான். பேசாம கண்டெம்ப்ட் போட்டுருவோம்." விக்கிரமசிங்கபுரம் பக்கத்துப் பஞ்சாலைத் தொழிலாளி ஆனாலும் சரி, முக்கூடல் பீடித் தொழிலாளி ஆனாலும் சரி, வழக்கில் ஜெயித்தும் கையில் ஒன்றும் வராதபோது முதலில் வாயில் வரும் சொல் கண்டெம்ப்ட்தான். கோர்ட் சொன்னதைக் கேட்கவில்லை, அப்படியானால் கோர்ட் அவமதிப்பு என்று கணக்கு நேராகத்தான் தெரிகிறது. ஆனால் சட்டம் அந்தக் கணக்கை அப்படிப் போடுவதில்லை. இதை நம்பி ஓர் ஆண்டை வீணாக்கிவிட்டு, உண்மையிலேயே பணம் வாங்கித் தரும் வழியில் காலக்கெடுவைத் தவறவிட்டவர்கள் உண்டு. அதனால் அடியிலிருந்து பார்ப்போம்.

எங்கே தொடங்குகிறது குழப்பம்

திருநெல்வேலியில் தொழிலாளர் நீதிமன்றம் இருக்கிறது. உள்ளே போனால் மேடை, சாட்சிக் கூண்டு, டவாலி, வாய்தா எல்லாம் மற்ற கோர்ட்டில் இருப்பதுதான். மேடையில் இருப்பவரும் பெரும்பாலும் மாவட்ட நீதிபதி நிலையிலிருந்து வந்தவர். பெயரிலேயே நீதிமன்றம் என்று இருக்கிறது. வேறென்ன நினைப்பார்கள்?

1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் (இப்போது இதன் இடத்தில் புதிய சட்டம் வந்துவிட்டது, அதைக் கடைசியில் பார்ப்போம்) மூன்று அமைப்புகளை உண்டாக்கியது. 7-ஆம் பிரிவில் தொழிலாளர் நீதிமன்றம், 7ஏ பிரிவில் தொழில் தீர்ப்பாயம், 7பி பிரிவில் தேசியத் தீர்ப்பாயம். தீர்ப்பாயம் என்பது ஒரு குறிப்பிட்ட வகைத் தகராறை மட்டும் விசாரிக்க ஒரு குறிப்பிட்ட சட்டம் ஏற்படுத்திய அமைப்பு. தொழிலாளர் நீதிமன்றமும் இந்த வகையில்தான் சேரும். இவை தரும் முடிவுக்கு அவார்டு என்று பெயர்.

வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே வித்தியாசம் உண்டு. சிவில் கோர்ட்டில் வக்கீல் வைக்க எதிர்த்தரப்பிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. லேபர் கோர்ட்டில் 36(4) பிரிவின்படி, எதிர்த்தரப்பு சம்மதித்து, விசாரிப்பவரும் அனுமதித்தால்தான் வக்கீல் ஆஜராக முடியும். சங்கத் தலைவர் நேராக நின்று வாதாடுவது இங்கே சாதாரணம். நடைமுறையில் இரு தரப்பும் வக்கீல் வைத்துச் சம்மதித்துக் கொள்வதால் இந்தப் பிரிவு பலர் கண்ணில் படுவதே இல்லை.

அவமதிப்பு என்றால் என்ன

1971-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் இரண்டு வகை சொல்கிறது. உத்தரவை வேண்டுமென்றே மீறுவதும், நீதிமன்றத்துக்குக் கொடுத்த உறுதிமொழியை வேண்டுமென்றே மீறுவதும் சிவில் அவமதிப்பு. நீதிமன்றத்தின் மதிப்பைக் கெடுக்கும்படி பேசுவது, எழுதுவது, நடக்கும் வழக்கில் தலையிடுவது எல்லாம் குற்றவியல் அவமதிப்பு. தண்டனை அதிகபட்சம் 6 மாதம் சாதாரணச் சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

யார் தண்டிப்பது? உச்ச நீதிமன்றத்துக்கு அரசியலமைப்பின் 129-ஆம் பிரிவும், உயர் நீதிமன்றத்துக்கு 215-ஆம் பிரிவும் அந்த அதிகாரத்தைத் தருகின்றன. கீழ்க் கோர்ட்டுகளுக்கு இந்தச் சட்டத்தின்படி தாமே தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. அம்பாசமுத்திரம் முன்சீப் கோர்ட் அவமதிக்கப்பட்டால், அந்த முன்சீப் இந்தச் சட்டப்படி யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. 10-ஆம் பிரிவு, தனக்குக் கீழ்ப்பட்ட நீதிமன்றங்களுக்கு நேர்ந்த அவமதிப்பை உயர் நீதிமன்றம் தண்டிக்கலாம் என்கிறது. நம் பக்கத்துக்கு அது 2004 ஜூலை முதல் இயங்கும் மதுரைக் கிளை.

10-ஆம் பிரிவில் இரண்டு தடைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, அந்த அமைப்பு நீதிமன்றமாக இருக்க வேண்டும். இரண்டு, அது உயர் நீதிமன்றத்துக்குக் கீழ்ப்பட்டதாக இருக்க வேண்டும். லேபர் கோர்ட் இரண்டையும் தாண்டுகிறதா என்பதுதான் மொத்தக் கேள்வியும்.

கடன் கொடுத்த அதிகாரம்

அரசு பஸ் கண்டக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் கேட்கலாம், விசில் அடித்து வண்டியை நிறுத்தலாம், தகராறு செய்பவரை இறக்கிவிடலாம். இதில் ஒவ்வொன்றும் விதி அவருக்குத் தனித்தனியாகக் கொடுத்தது. இத்தனையும் இருப்பதால் அவர் போலீஸ்காரர் ஆகிவிட மாட்டார். அவரை வேலை செய்ய விடாமல் தடுத்தால் அது குற்றம்தான், ஆனால் வழக்குப் போடுவது போலீஸ்.

தொழில் தகராறுகள் சட்டமும் லேபர் கோர்ட்டுக்கு இப்படித்தான் எண்ணி எண்ணிக் கொடுத்திருக்கிறது. 11(3) பிரிவு: சாட்சியை வரவழைக்க, ஆவணத்தைக் கொண்டுவரச் செய்ய, கமிஷன் அனுப்ப, சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் உண்டு. அங்கே நடப்பது நீதி விசாரணையாகக் கருதப்படும், ஆனால் பொய்ச்சாட்சி, அமர்ந்து விசாரிக்கும் அதிகாரியை அவமதித்தல் ஆகிய இரண்டு குற்றங்களின் நோக்கத்துக்கு மட்டும். பழைய தண்டனைச் சட்டத்தில் அவை 193, 228. 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 229, 267.

11(8) பிரிவு இன்னும் ஒரு படி போகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 345, 346, 348 பிரிவுகளுக்காக மட்டும் லேபர் கோர்ட்டை சிவில் கோர்ட்டாகவே கருத வேண்டும் என்கிறது. இதன் பலன் என்னவென்றால், விசாரணை நடக்கும்போது ஒருவர் மேடையைப் பார்த்துத் திட்டினால் அவரை அங்கேயே நிறுத்திவைத்து, அன்று கோர்ட் கலைவதற்குள் நடவடிக்கை எடுத்து, அவர் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்து, அபராதம் போடலாம். பழைய சட்டத்தில் அபராதம் 200 ரூபாய் வரை, புதிய நடைமுறைச் சட்டத்தில் 1,000 ரூபாய் வரை. அபராதம் போதாது என்று தோன்றினால் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பலாம். மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடலாம். என்ன நடந்தது, எந்தச் சொல் பேசப்பட்டது என்பதைப் பதிவு செய்வது கட்டாயம். அது இல்லாத உத்தரவு மேலே போனால் நிற்காது.

இந்தப் பட்டியலில் அவமதிப்புச் சட்டம் இல்லை என்பதைக் கவனியுங்கள். கொடுக்க நினைத்த இடங்களில் சட்டமன்றமும் நாடாளுமன்றமும் வெளிப்படையாகவே கொடுத்திருக்கின்றன. அரசு ஊழியர்களுக்கான நிர்வாகத் தீர்ப்பாயச் சட்டம், 1985-இன் 17-ஆம் பிரிவு அந்தத் தீர்ப்பாயத்துக்கு உயர் நீதிமன்றத்துக்கு நிகரான அவமதிப்பு அதிகாரத்தைத் தருகிறது. மகாராஷ்டிரத்தில் தொழிற்சங்க அங்கீகாரத்துக்காக 1971-இல் வந்த மாநிலச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு, அங்குள்ள தொழில், தொழிலாளர் நீதிமன்றங்களுக்கு அவமதிப்பு பற்றித் தனியே ஏற்பாடு செய்திருக்கிறது. 1947 சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: லேபர் கோர்ட் சில காரியங்களுக்கு மட்டும் கோர்ட். அது எதற்காகக் கோர்ட் என்பதைச் சட்டம் ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறது. உத்தரவை மீறினால் அவமதிப்பு என்று எங்கும் சொல்லவில்லை.

உச்ச நீதிமன்றம் சொன்னவை

1950-இல் பாரத் வங்கி வழக்கில் இந்தக் கேள்வியின் முதல் பாதி வந்தது. தொழில் தீர்ப்பாயத்துக்கு நீதிமன்றத்தின் அடையாளங்கள் பல உண்டு, ஆனால் கறாரான பொருளில் அது நீதிமன்றம் அல்ல என்ற பார்வை அங்கேதான் வேரூன்றியது. அதேசமயம் அதன் முடிவை எதிர்த்து அரசியலமைப்பின் 136-ஆம் பிரிவில் உச்ச நீதிமன்றத்துக்கு வரலாம் என்றும் சொன்னது, ஏனென்றால் அந்தப் பிரிவு தீர்ப்பாயத்தையும் சேர்த்தே பேசுகிறது. ஒரே அமைப்பு, ஒரு காரியத்துக்கு உள்ளே, இன்னொன்றுக்கு வெளியே. இந்த வழக்கை எடுத்துக்காட்டும் பலர் இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள்.

1955-இல் பிரஜ்நந்தன் சின்ஹா வழக்கு நேரடியாக அவமதிப்புச் சட்டத்தைப் பற்றியது. அரசு ஊழியர் மீது விசாரணை நடத்திய கமிஷனர் நீதிமன்றமா என்பது கேள்வி. சாட்சி விசாரிப்பதும் சத்தியம் செய்விப்பதும் போதாது, இறுதித்தன்மையும் கட்டுப்படுத்தும் வலுவும் உள்ள தீர்ப்பைத் தானே தரும் அதிகாரம் இருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். கமிஷனர் அறிக்கைதான் கொடுக்கிறார், ஆகவே அவர் நீதிமன்றம் அல்ல.

1967-இல் எதிர்ப்பக்கம் ஒரு தீர்ப்பு வந்தது. சீதாமர்ஹி கூட்டுறவு வங்கி வழக்கில், கூட்டுறவுத் தகராறை விசாரித்துத் தீர்க்கும் உதவிப் பதிவாளர் அவமதிப்புச் சட்டத்துக்கு நீதிமன்றம்தான் என்று முடிவானது. பெயரில் கோர்ட் என்பதே இல்லாத ஓர் அதிகாரி உள்ளே வந்துவிட்டார்! அப்படியானால் பெயர் பலகையைப் பார்த்து முடிவு செய்வதில் பயனில்லை என்பது தெளிவு. இன்னொரு பக்கம், 1969-இல் கர்நாடகத்தின் அதணி நகராட்சி வழக்கில், காலவரையறைச் சட்டத்தின் 137-ஆம் இனம் நீதிமன்றங்களுக்கே பொருந்தும், லேபர் கோர்ட்டுக்குப் பொருந்தாது என்று சொல்லப்பட்டது. அங்கே லேபர் கோர்ட் வெளியே.

அப்படியானால் பதில் என்ன

சேர்க்க வேண்டும் என்பவர்களிடம் நல்ல வாதம் இருக்கிறது. அவார்டு இரு தரப்பையும் கட்டுப்படுத்துகிறது. 17ஏ பிரிவின்படி வெளியிடப்பட்டு 30 நாள் கழிந்ததும் அமலுக்கு வருகிறது. விசாரிப்பவர் நீதித்துறைக்காரர். அரசியலமைப்பின் 227-ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வை இதன் மேல் இருக்கிறது. உதவிப் பதிவாளரே நீதிமன்றம் என்றால் இது ஏன் இல்லை?

சேர்க்கக் கூடாது என்பவர்கள் அதே 227-ஐக் காட்டுகிறார்கள். நீதிமன்றங்கள், தீர்ப்பாயங்கள் என்று அந்தப் பிரிவு இரண்டையும் தனித்தனியே சொல்கிறது. 10-ஆம் பிரிவோ நீதிமன்றங்களை மட்டும்தான் சொல்கிறது. போதாக்குறைக்கு, 17ஏ பிரிவு சில நிலைகளில் அவார்டை நிராகரிக்கவோ மாற்றவோ அரசுக்கு இடம் வைத்திருந்தது. நீதிமன்றத் தீர்ப்பை அரசு இப்படித் தொட முடியாது.

என் கணிப்பில், அவார்டை நிறைவேற்றாத முதலாளி விஷயத்தில் இந்த விவாதத்தில் ஜெயித்தாலும் பெரிய லாபமில்லை. கபில்தேவ் பிரசாத் சாஹ் வழக்கிலும் (1999), ஆர்.என். தேய் வழக்கிலும் (2000) உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: அவமதிப்பு நடவடிக்கை டிக்ரியை, அதாவது சிவில் கோர்ட் தீர்ப்பாணையை, நிறைவேற்றும் கருவி அல்ல. வசூலிக்க வேறு வழியைச் சட்டமே வைத்திருக்கும்போது அந்த வழியாகப் போ என்பார்கள். அதோடு மீறல் வேண்டுமென்றே நடந்தது என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். ஆலை நஷ்டத்தில் ஓடுகிறது, அவார்டின் வாசகம் புரியவில்லை என்று அவர்கள் சொல்லத் தொடங்கினாலே இழுபறிதான். ஜெயித்தாலும் முதலாளி கைகட்டி மன்னிப்புக் கேட்டால் கதை முடியலாம். பணம் வராது.

உண்மையாகவே இந்தக் கேள்வி கடிக்கும் இடம் வேறு. விசாரணை நேரத்தில் திட்டினால் 228/267 இருக்கிறது. அந்தக் குற்றமாகவே தண்டிக்கத்தக்க செயலை உயர் நீதிமன்றம் கீழ்க் கோர்ட் அவமதிப்பாக எடுக்கக் கூடாது என்று 10-ஆம் பிரிவின் வரம்பே சொல்கிறது. ஆனால் தீர்ப்பு வந்த மறுநாள், காசு வாங்கிக்கொண்டு எழுதினார் என்று அந்த அதிகாரியைப் பற்றி நோட்டீஸ் அடித்து ஒட்டினால், வாட்ஸ்அப் குழுவில் பரப்பினால், அது அமர்ந்திருக்கும்போது நடந்த அவமதிப்பு அல்ல. அங்கேதான் லேபர் கோர்ட் 10-ஆம் பிரிவுக்குள் வருமா என்று பார்க்க வேண்டி வரும். அதை மேலே கொண்டுபோவதும் தனியார் வேலை அல்ல. கீழ்க் கோர்ட்டே எழுதி அனுப்ப வேண்டும், அல்லது அட்வகேட் ஜெனரல் மனுப் போட வேண்டும் என்கிறது அவமதிப்புச் சட்டத்தின் 15(2).

அவார்டை மீறினால் தட்ட வேண்டிய கதவுகள்

ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். வேலைநீக்கம் செல்லாது, மீண்டும் பணி, 50 சதவீத பேக் வேஜஸ் (வேலையில்லாமல் வைத்திருந்த காலத்துச் சம்பளம்) என்று அவார்டு. கடைசிச் சம்பளம் மாதம் 12,000 ரூபாய். வேலைநீக்கத்திலிருந்து அவார்டு வரை 30 மாதம். 12,000 × 30 = 3,60,000. அதில் பாதி 1,80,000 ரூபாய்.

முதல் வேலை, அவார்டு அமலுக்கு வந்ததும் கேட்டில் போய் நின்று வேலை கேட்பது. கேட்டதற்குச் சாட்சி வேண்டும். அவார்டின் நகலோடு, இன்ன தேதியில் பணிக்கு வந்தேன், சேர்க்கவில்லை என்று ஒப்புகை பெறும் தபாலில் கடிதம் அனுப்பி, ரசீதையும் ஒப்புகையையும் பத்திரமாக வைக்க வேண்டும். பலர் வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வந்துவிடுவார்கள். பின்னால் நிர்வாகம், இவர் வரவே இல்லை என்று கைவிரிக்கும்.

மேலே சொன்ன 1,80,000 வெறும் பெருக்கல் கணக்கு. அதற்குத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 33சி(1) மனு. அரசுக்கு, அதாவது தொழிலாளர் துறை வழியாகக் கொடுக்க வேண்டும். தொழிலாளியோ, அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்தவரோ, அவர் இறந்திருந்தால் வாரிசோ கொடுக்கலாம். தொகை வரவேண்டியது உறுதியானால் அரசு கலெக்டருக்குச் சான்றிதழ் அனுப்பும். நிலவரி பாக்கியை வசூலிப்பது போலவே, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் இறங்கும் அந்தக் காகிதம் தாசில்தார் வழியாக ஜப்தி வரை போகும். மனுவில் அவார்டு எண், வெளியிட்ட தேதி, மாதச் சம்பளம், மாதக் கணக்கு, மொத்தம் எல்லாம் இருக்க வேண்டும். அதோடு நிர்வாகத்தின் சொத்து எங்கே இருக்கிறது என்ற விவரத்தையும் கொடுப்பது நல்லது. பதிவு அலுவலகம் கோயம்புத்தூரில், ஆலை இங்கே என்றால் காகிதம் தப்பான கலெக்டரிடம் போய் மாதக்கணக்கில் தூங்கும்.

காலக்கெடு: பணம் தர வேண்டியதான நாளிலிருந்து 1 ஆண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் அரசு பின்னாலும் ஏற்கலாம். அவமதிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவும் 1 ஆண்டுதான் தருகிறது. கண்டெம்ப்டை நம்பி உட்கார்ந்தால் இரண்டு கடிகாரமும் ஒன்றாக ஓடி முடிந்துவிடும்.

கணக்கிலேயே தகராறு இருந்தால், உதாரணமாக போனஸும் இன்கிரிமென்ட்டும் சேருமா, பணப் பயன் எவ்வளவு என்று கணிக்க வேண்டியிருந்தால், 33சி(2)-இன் கீழ் லேபர் கோர்ட்டுக்கே போக வேண்டும். அவார்டுக்குப் பின்னும் சேர்க்காமல் விட்ட மாதங்களின் சம்பளமும் இங்கே கேட்கப்படுவது வழக்கம். ஆனால் உரிமையே முடிவாகாத ஒன்றை இங்கே கேட்க முடியாது. 1995-இல் கணேஷ் ராசக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. அதனால்தான் நேராக 33சி(2) போட்டுத் தோற்றுத் திரும்புகிறவர்கள் அதிகம்.

2010 திருத்தம் இன்னொரு வழி திறந்தது. 11(9), 11(10) பிரிவுகளின்படி அவார்டை சிவில் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆம் கட்டளைப்படி நிறைவேற்றலாம். லேபர் கோர்ட் அவார்டை அதிகார எல்லை உள்ள சிவில் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும், அந்தக் கோர்ட் அதைத் தன் டிக்ரியாகவே பாவித்து நிறைவேற்ற வேண்டும். லேபர் கோர்ட் தானே ஜப்தி செய்யாமல் சிவில் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டியிருப்பதே, அது எந்த அளவுக்குக் கோர்ட் என்பதைக் காட்டிக் கொடுக்கிறது.

பயம் காட்ட வேண்டும் என்றால் 29-ஆம் பிரிவு இருக்கிறது. அவார்டை மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தொடர்ந்து மீறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் வரை கூடுதல் அபராதம். வசூலான அபராதத்தைத் தொழிலாளிக்கு இழப்பீடாகக் கொடுக்கவும் கோர்ட் உத்தரவிடலாம். ஒரு முட்டுக்கட்டை உண்டு. 34-ஆம் பிரிவின்படி அரசு அல்லது அரசு அதிகாரம் அளித்தவர் புகார் கொடுத்தால்தான் வழக்கு நடக்கும். ஆகவே தொழிலாளர் துறைக்கு எழுதி, விடாமல் துரத்த வேண்டும்.

சுருக்கமாக: தொகை தெளிவானால் 33சி(1), தொகையைக் கணிக்க வேண்டுமானால் 33சி(2), சிவில் வழியில் ஜப்திக்கு 11(9)-(10), தண்டனைக்கு 29.

கண்டெம்ப்ட் உண்மையிலேயே செல்லும் இடம்

முதலாளி அவார்டை எதிர்த்து மதுரைக் கிளையில் ரிட் (அரசியலமைப்பின்படி உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) போடுகிறார் என்று வைப்போம். தடை கொடுக்கும்போது, இத்தனை வாரத்தில் பாதித் தொகையைக் கட்டு என்று நிபந்தனை வரலாம். மீண்டும் பணி அவார்டாக இருந்தால், வழக்கு முடியும்வரை கடைசியாக வாங்கிய முழுச் சம்பளத்தைக் கொடுக்க 17பி பிரிவில் உத்தரவு கேட்கலாம். அதற்கு, வேறெங்கும் வேலை பார்க்கவில்லை என்று தொழிலாளி பிரமாண வாக்குமூலம் கொடுக்க வேண்டும். இந்த உத்தரவுகளை மீறினால் அது உயர் நீதிமன்றத்தையே மீறுவது. லேபர் கோர்ட் கோர்ட்டா என்ற கேள்விக்கே இடமில்லை. அங்கே கண்டெம்ப்ட் பெட்டிஷன் சரியான ஆயுதம்.

ரிட் தள்ளுபடியானால்? இங்கே பலர் வழுக்கி விழுகிறார்கள். வெறும் தள்ளுபடி உத்தரவில் முதலாளி செய்ய வேண்டியது என்று எதுவும் எழுதப்பட்டிருக்காது. மீறுவதற்கு ஒரு கட்டளை இல்லாமல் அவமதிப்பு எப்படி வரும்? ஆகவே தள்ளுபடி செய்யும் நாளிலேயே, 4 வாரத்தில் அவார்டை நிறைவேற்ற வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்க்கும்படி நீதிபதியிடம் கேட்க வேண்டும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் வரும் தைரியம் வேறு.

33சி(1) மனு தொழிலாளர் துறையில் தூங்கும்போதும் இதே வழி பயன்படும். குறிப்பிட்ட வாரங்களுக்குள் முடிவெடுக்க அதிகாரிக்கு உத்தரவிடும்படி ரிட் போட்டு வாங்கலாம். சான்றிட்ட நகலை ஒரு கடிதத்தோடு அந்த அதிகாரிக்கு அனுப்பி, கெடு முடியும்வரை காத்திருந்து, அதன் பிறகு கண்டெம்ப்ட் போடலாம். அப்போது எதிரில் நிற்பவர் முதலாளி அல்ல, கோப்பைக் கிடப்பில் போட்ட அதிகாரி.

எண்கள் மாறியிருக்கின்றன

2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. அந்தச் சட்டத்தில் தொழிலாளர் நீதிமன்றம் என்ற தனி அமைப்பு இல்லை. நீதித்துறை உறுப்பினர் ஒருவரும் நிர்வாக உறுப்பினர் ஒருவரும் கொண்ட தொழில் தீர்ப்பாயம்தான். இப்போது கையில் இருக்கும் அவார்டுகளில் பெரும்பாலானவை பழைய சட்டத்தின் கீழ் வந்தவை என்பதால் மேலே பழைய எண்களையே கொடுத்திருக்கிறேன். புதியதில் பணம் வசூலிக்கும் பிரிவு 59. மனு எழுதும்போது அவார்டு எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்பதை அதன் முதல் பக்கத்திலேயே பார்த்து, அந்தச் சட்டத்தின் பிரிவைப் போடுங்கள்.